நான்கு மணித்தியாலம்

பேசாலையில் என்னைப் பற்றிக் கேட்டால், "மரியதாஸ் வெளிநாட்டில பிளேன் திருத்தினவர்" என்று சொல்வார்கள். அது பிழை. நான் பிளேன் திருத்தியவன் அல்ல. பிளேன் எஞ்சினுக்குள் நெருப்பில் கிடந்து வெடித்துப்போன உலோகத் துண்டுகளை, மற்றவர்கள் திருத்துவதற்கு முன் துப்புரவாக்கிக் கொடுத்தவன். வளைகுடா நாடு ஒன்றில் இருபத்திரண்டு வருடம் அந்த ஒரு வேலையைத்தான் செய்தேன். போன வருடம் ஓய்வு பெற்று ஊருக்கு வந்தேன்.

இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஆறவிட்டு எழுதலாம் என்று மூன்று மாதம் பொறுத்துப் பார்த்தேன். ஆறவில்லை.

முதலில் வேலையைச் சொல்ல வேண்டும். எங்கள் கரையில் பைபர் வள்ளம் ஓட்டை விழுந்தால் அப்படியே மேலே பசை பூச மாட்டோம். பாசியையும் உப்பையும் பழைய பெயின்டையும் சுரண்டி, நல்ல பைபர் தெரியும்வரை தேய்த்துவிட்டுத்தான் ஒட்டுவோம். இல்லாவிட்டால் இரண்டாம் நாள் கடலில் ஒட்டுக் கழன்றுவிடும். எஞ்சினிலும் அதே கதைதான். எரியும் காற்றைத் திருப்பிவிடுகிற இறகுகள் அதற்குள் வரிசையாக நிற்கும். நிக்கலில் அலுமினியமும் டைட்டேனியமும் கலந்த, எந்தச் சூட்டையும் தாங்குகிற உலோகம். ஆயிரக்கணக்கான மணித்தியாலம் பறந்த பிறகு அதிலும் மயிரிழை போல வெடிப்பு விழும். வெடிப்பின் உட்சுவரில் துரு மாதிரி ஒரு சாம்பல் படை பிடிக்கும். அந்த வெடிப்பை வேறொரு உலோகத்தை உருக்கி ஓடவிட்டு அடைப்பார்கள். சாம்பல் படை ஒரு துளி இருந்தாலும், உருகிய உலோகம் சேம்பிலையில் விழுந்த தண்ணீர் போல உருண்டு நின்றுவிடும், உள்ளே போகாது. வெளியே அடைபட்ட மாதிரித் தெரியும். உள்ளே வெடிப்பு அப்படியே இருக்கும்.

அந்தப் படையை மணல் அடித்து எடுக்க முடியாது, மணல் வெடிப்புக்குள் போகாது. சாதாரண அமிலம் படையை விட்டுவிட்டு நல்ல உலோகத்தைத் தின்னும். அதனால் இறகுகளை ஒரு மூடிய உலைக்குள் அடுக்கி, ஆயிரம் பாகைக்குக் கிட்டச் சூடாக்கி, ஐதரசனோடு ஐதரசன் புளோரைட் வாயுவையும் விடுவோம். அந்த வாயு வெடிப்பின் அடிவரை போய்ப் படையைத் தின்று ஆவியாக்கிக் கொண்டு வெளியே வரும். வெளியே வருகிற வாயு விஷம். அதைக் குழாய் வழியாகக் கொண்டுபோய், காரத் தண்ணீர் பொழிகிற ஒரு கோபுரத்துக்குள் விட்டுக் கழுவுவோம். அந்தக் குழாயின் தாழ்ந்த இடங்களில் வாயு குளிர்ந்து தண்ணீர் மாதிரித் தேங்கும். பார்க்கத் தண்ணீர்தான், ஆனால் கொடிய அமிலம். தோலில் பட்டால் உடனே எரியாது. ஒன்றிரண்டு மணித்தியாலம் ஒன்றும் தெரியாது. அதற்குள் தசைக்குள் இறங்கி எலும்பைப் பிடித்துவிடும்.

இதையெல்லாம் எனக்குப் படிப்பித்தவர் பரமசிவம் சேர். யாழ்ப்பாணத்துக்காரர், பெரிய படிப்புப் படித்தவர், எங்கள் பகுதிக்கு மேலாளர். பேசாலையில் மச்சானோடு சேர்ந்து வள்ளத்து எஞ்சின் கழற்றிக்கொண்டிருந்த என்னை வேலைக்கு எடுத்தவரும் அவர்தான். வடக்கிலிருந்து போன பதினொரு பேரை அவர் அங்கே எடுத்திருந்தார்.

முதல் நாள் நுணுக்குக்காட்டியின் திரைக்கு முன்னால் என்னை இருத்தினார். வெட்டி மினுக்கிய ஒரு இறகுத் துண்டு அதில் இருந்தது.

"என்ன தெரியுது, தம்பி?"

"வெடிப்பு, சேர்."

"வெடிப்புக்குள்ள?"

"கறுப்பு."

"எந்தக் கறுப்பு?"

எனக்கு விளங்கவில்லை. அவர் அவசரப்படவில்லை. வெள்ளைக் கைலேசால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பென்சில் முனையால் திரையைத் தொட்டுக் காட்டினார். வெற்றிடம் கறுப்பாகத் தெரியும். படை நனைந்த சாம்பல் நிறத்தில் சுவரோடு ஒட்டியிருக்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவன் இந்த வேலைக்கு உதவ மாட்டான் என்றார். மூன்று கிழமை ஒவ்வொரு நாளும் அதே கேள்வியைக் கேட்டார். நான் பிழையாகச் சொன்னால் முகம் சுளிக்காமல், "இன்னொருக்காப் பாரும்" என்பார். அவர் ஒருநாளும் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. எவரையும் ஏசமாட்டார். அவருடைய கந்தோர் அறைக்குள் போனால் முதலில் கதிரையைக் காட்டுவார். அவரைப் போல ஒரு மனிதன் இல்லை என்று அந்தக் காலத்தில் வீட்டுக்கு எழுதியிருக்கிறேன்.

வேலை முறைப் புத்தகத்தை எழுதியவரும் அவர்தான். அதில் ஒரு விதி இருந்தது. வாயுக் குழாயின் எந்த மூட்டையும் கழற்றுவதற்கு முன், நைதரசனை விட்டு நான்கு மணித்தியாலம் குழாயைக் கழுவ வேண்டும். பிறகு தேங்கிய தண்ணீரை வடிக்க வேண்டும். சோதனைத் தாள் நிறம் மாறாவிட்டால்தான் நட்டுக் கழற்றுகிற சாவியைக் கையில் எடுக்கலாம். அந்தப் பக்கத்தை அவர் தன் கையால் சிவப்பில் கோடு போட்டு வைத்திருந்தார்.

தவராசா எனக்குப் பிறகு எட்டு வருடம் கழித்து வந்தவன். வெள்ளாங்குளத்தில் வயல் செய்கிற குடும்பம். அதிகம் பேசமாட்டான். வேலை கையில் நிற்கும். இறகுகளை உலைத்தட்டில் அடுக்கும்போது ஒன்றில் ஒன்று படாமல், வாயு எல்லாப் பக்கமும் போகிற மாதிரி அடுக்குவான். நாற்று நடுகிறவன் இடைவெளி பார்ப்பது போல இருக்கும். நான் அவனைத் தவம் என்று கூப்பிடுவேன். அவன் என்னை அண்ணை என்பான்.

அந்த நாளைச் சொல்கிறேன்.

ஒரு எஞ்சினின் முழு வரிசை இறகுகளும் எங்களிடம் இருந்தன. மறுநாள் காலை அவை அடுத்த பகுதிக்குப் போயாக வேண்டும், பிளேன் தரையில் நிற்கிறது என்று மேலிடத்தில் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். முதல் சுற்று முடித்து, சோதனைக்கென்று ஒதுக்கிய ஒரு இறகை வெட்டிப் பார்த்தேன். வெடிப்பின் அடியில் சாம்பல் கோடு அப்படியே கிடந்தது. ஏற்கெனவே ஒருமுறை திருத்திய இறகுகள் அவை, பழைய அடைப்பின் பின்னால் படை ஒளிந்திருந்தது. இன்னொரு சுற்று வைக்க வேண்டும். ஆனால் கோபுரத்துக்குப் போகிற குழாயின் மூட்டு ஒன்று கசியத் தொடங்கியிருந்தது. அதற்குள் கசிவை அடைக்கிற காஸ்கட் வளையத்தை மாற்றாமல் உலையைத் திரும்பத் தொடங்க முடியாது.

பரமசிவம் சேரிடம் போனேன். கதிரையைக் காட்டினார். நான் இருக்கவில்லை.

"காஸ்கட் மாத்தோணும் சேர். இப்ப பன்னிரண்டு மணி. நைதரசன் விட்டிருக்கு. நாலு மணிக்குத்தான் கழட்டலாம்."

"நாலு மணிக்குக் கழட்டினா நாளைக்குக் காலமை முடியாது, தம்பி."

"அது தெரியும் சேர்."

"ஒரு மணிக்குக் கழட்டுங்கோ."

"நாலு மணித்தியாலம் எண்டு நீங்கள்தானே எழுதினனீங்கள்."

அவர் சிரித்தார். கோபச் சிரிப்பு அல்ல, பிள்ளையோடு கதைக்கிற சிரிப்பு. "எழுதினது நான். மாத்துறதும் நான்தானே."

நான் கழற்ற மாட்டேன் என்றேன். அவர் சரி என்று தலையாட்டினார். "அப்ப நீர் இறகுகளைத் திருப்பி அடுக்கும். தவராசா கழட்டட்டும்."

அந்த இடத்தில் நான் செய்ததுதான் எனக்கு இன்றைக்கும் அருவருப்பாக இருக்கிறது. நான் மறுத்தது என் கைக்காகத்தான் என்று அப்போது விளங்கியிருக்க வேண்டும். என் கை போகாத இடத்துக்கு அவனுடைய கை போகிறது. நான் அந்தக் கந்தோர் வாசலில் குறுக்கே நின்றிருக்கலாம். நிற்கவில்லை. தவத்திடம் போய், "கவனமாச் செய்" என்றேன். அதைச் சொல்லத்தான் எனக்குத் துணிவு இருந்தது.

அவன் முகமூடி போட்டான், நீண்ட ரப்பர் கையுறை இரண்டும் போட்டான். வலது கையுறை நாட்பட்டு வெளுத்திருந்தது. புதியது கேட்டு ஒரு கிழமைக்கு முன்பே துண்டு எழுதிக் கொடுத்திருந்தோம். சேரின் கையெழுத்து வராமல் ஸ்டோரில் தரமாட்டார்கள். அந்த வலது கையுறையை முழங்கை வரை நானே இழுத்துவிட்டு, மேல் விளிம்பில் டேப் சுற்றினேன். இதை வாசிக்கிறவர்கள் இந்த ஒரு வசனத்தையாவது மறக்கக் கூடாது. நானே சுற்றினேன்.

ஒரு மணிக்கு மூட்டைக் கழற்றினான். அரைக் கோப்பை அளவு தண்ணீர் வழிந்தது. காஸ்கட்டை மாற்றி இறுக்கிவிட்டு வந்து, கையுறையோடு கையைக் கழுவி, கழற்றி, பிறகு வெறுங்கையையும் கழுவினான். கழுவுகிற விதியில் ஒன்றையும் விடவில்லை. உலை திரும்பத் தொடங்கியது.

இரண்டரை மணிக்குத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். தவம் கோப்பையைக் கீழே வைத்தான்.

"அண்ணை, விரல் நுனியில ஊசி குத்துற மாதிரிக் கிடக்கு."

"எந்த விரல்?"

சுட்டுவிரலையும் நடுவிரலையும் காட்டினான். நகத்துக்குக் கீழே வெள்ளையாக இருந்தது. கையுறையை எடுத்துத் தண்ணீர் நிரப்பிப் பிழிந்து பார்த்தேன். அந்த இரண்டு விரல்களுக்கும் நடுவில் இருந்த வெடிப்பால் தண்ணீர் துளித்துளியாக வந்தது.

இந்த அமிலத்துக்கு ஒரு மருந்து உண்டு. கல்சியம் களிம்பு. உடனே பூசித் தேய்த்துக்கொண்டே இருந்தால், எலும்பைத் தேடிப் போகிற அமிலத்தை அது வழியிலேயே பிடித்துக்கொள்ளும். உலை அறைக்கு வெளியே சுவரில் அதற்கென்று ஒரு பெட்டி இருந்தது. ஓடிப்போய்த் திறந்தேன். பெட்டி காலி. காலம் முடிந்த களிம்பை இரண்டு மாதத்துக்கு முன் எடுத்து எறிந்திருக்கிறார்கள், புதியது வாங்கி வைக்கவில்லை. கதவின் உட்பக்கத்தில் மாதாந்தப் பரிசோதனைத் தாள் ஒட்டியிருந்தது. அந்த இரண்டு மாதத்துக்கும் 'சரி' என்று பென்சிலால் அடையாளம் போட்டு, பரமசிவம் சேர் கையெழுத்து வைத்திருந்தார்.

அவரிடம் போனேன். "அம்புலன்சைக் கூப்பிடுங்கோ சேர்."

"அம்புலன்ஸ் வந்தா தீயணைப்புக்காரரும் வருவினம். உலையை நிப்பாட்டிப்போடுவினம். தண்ணியில பிடிக்கச் சொல்லும். ஆறு மணிக்கு வேலையாக்களை ஏத்துற வான் போகேக்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாம்."

"ஆறு மணி மட்டும் தாங்காது. இது என்ன எண்டு உங்களுக்குத் தெரியும் சேர்."

"தெரியும் தம்பி. சின்னக் காயம். பதட்டப்படாதையும்."

அவருக்குத் தெரியும். எங்களுக்குப் படிப்பித்ததே அவர்தான். எலும்பு வெந்த கைகளின் படங்களைத் திரையில் போட்டுக் காட்டியவர் அவர்.

நான் நாலரை மணி வரை பொறுத்தேன். பன்னிரண்டு வருடம் அவர் சொன்னதைக் கேட்டுப் பழகியிருந்தேன், அவ்வளவுதான். தவம் தண்ணீர்க் குழாயடியில் குந்தியிருந்து, சட்டைக் கையைப் பல்லால் கடித்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தான். கடைசியில் ஸ்டோர்க்காரரின் பிக்கப்பைக் கேட்டு வாங்கி, நானே அவனை ஏற்றிக்கொண்டு போனேன்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்ட முதல் கேள்வி, எத்தனை மணிக்குப் பட்டது என்பது. ஒரு மணி என்றேன். அவர் சுவரிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஊசியை எடுத்தார்.

ஆறாம் நாள் இரண்டு விரல்களையும் நடு மூட்டோடு எடுத்தார்கள்.

அதற்கு அடுத்த நாள் பரமசிவம் சேர் என்னைக் கூப்பிட்டார். மேசையில் ஒரு விசாரணை அறிக்கை இருந்தது. ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. பணியாளர் வேலையின் நடுவே வலது கையுறையைக் கழற்றினார், விபத்துக்குக் காரணம் அவருடைய கவனக்குறைவு, பார்த்த சாட்சி மரியதாஸ்.

"இது பொய், சேர்."

"இரும் தம்பி."

இந்தத் தடவை இருந்தேன். அவர் கைலேசை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார்.

"நாலு மணித்தியால விசயம் வெளியில வந்தா இந்தப் பகுதியையே மூடுவினம். இதில வேலை செய்யிறது எங்கட சனம். பதினொரு குடும்பம். இனி ஊரில இருந்து ஒருத்தரையும் எடுக்க விடமாட்டினம். தவராசாவுக்குப் போன விரல் திரும்பி வரப்போறதில்லை. மற்ற ஆக்களையும் யோசிச்சுப் பாரும்."

கையெழுத்து வைத்தேன்.

பதினொரு குடும்பத்துக்காக வைத்தேன் என்று கனகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையில்லை. என் கடைசி மகள் அப்போது படித்துக்கொண்டிருந்தாள், எனக்கு அந்த வேலை வேண்டும். பயத்தில் வைத்தேன். பரமசிவம் சேர்மேல் எனக்குள்ள கோபம் பெரியது. ஆனால் அந்தப் பேனையைப் பிடித்தது அவருடைய கை அல்ல.

தவத்தை இரண்டு கிழமையில் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். விமான நிலையத்துக்குப் போக எனக்கு லீவு கிடைத்தது, நான் போகவில்லை. அந்த இறகுகள் சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. இரண்டாம் சுற்றுக்குப் பிறகு வெட்டிப் பார்த்த துண்டில் ஒரு சாம்பல் புள்ளிகூட இல்லை. மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. பரமசிவம் சேர் அதை அறிவித்தல் பலகையில் குத்தச் சொன்னார்.

அதற்குப் பிறகும் பத்து வருடம் அந்த உலையில் வேலை செய்தேன். நான்கு மணித்தியாலம் முடியாமல் எவரையும் மூட்டில் கைவைக்க விடவில்லை. அதற்காக இரண்டு தரம் எச்சரிக்கைக் கடிதமும் வாங்கினேன். அதை ஒரு பெருமையாகச் சொல்லவில்லை. தவத்துக்கு அது ஒன்றும் செய்யவில்லை.

மூன்று மாதத்துக்கு முன், இப்போது அந்த உலையைப் பார்க்கிற ஜெகன் எனக்குப் போன் எடுத்துக் கதைத்தார். பரமசிவம் சேர் இப்போது நிறுவனம் முழுவதற்கும் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறாராம். திரையில் விரல் இல்லாத ஒரு கையின் படத்தைப் போட்டு, கையுறையைக் கழற்றிய ஒரு பணியாளரின் கதையைச் சொல்கிறாராம். கீழே சாட்சி என்று என் பெயர்.

"அண்ணை, அந்த ஆள் உண்மையாவே கழட்டினவரோ?" என்று ஜெகன் கேட்டார்.

இல்லை என்றேன். நடந்தது முழுவதையும் சொன்னேன். அன்றே கடிதம் எழுதத் தொடங்கினேன். மகள் ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுத்தாள். என் சாட்சியத்தைத் திரும்பப் பெறுகிறேன், அது பொய் என்று நிறுவனத்துக்கு அனுப்பினேன். ஆறு கிழமைக்குப் பிறகு இரண்டு வரியில் மறுமொழி வந்தது. அந்தக் கோவை மூடப்பட்டுவிட்டதாம், என் அக்கறைக்கு நன்றியாம்.

அதன் பிறகுதான் வெள்ளாங்குளத்துக்குப் போனேன். ஊருக்கு வந்து ஒரு வருடமாகியும் போகாமல் இருந்தவன் நான். பேசாலையிலிருந்து மன்னார் டவுனுக்குப் போய், பூநகரிப் பக்கம் போகிற பஸ்ஸைப் பிடித்தால் இரண்டு மணித்தியாலப் பயணம்கூட இல்லை.

தவம் வீட்டு முற்றத்தில் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் சில்லைக் கழற்றிக்கொண்டிருந்தான். சாவியைப் பெருவிரலாலும் கடைசி இரண்டு விரலாலும் பிடித்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்தான்.

"வாங்கோ அண்ணை. எப்ப வந்தனீங்கள்?"

அவன் மனைவி கலா கதிரை கொண்டுவந்து போட்டுவிட்டுத் தேத்தண்ணி வைக்க உள்ளே போனாள். நான் சுற்றி வளைக்கவில்லை.

"தவம், அந்த அறிக்கையில நான் கையெழுத்து வைச்சனான்."

"தெரியும் அண்ணை."

"எப்ப தெரியும்?"

"அண்டைக்கே. என்னட்டையும் கொண்டுவந்தவைதானே. உங்கட கையெழுத்துக்குக் கீழ நான் இடக்கைப் பெருவிரலை வைச்சனான். பேனை பிடிக்க ஏலாமல் கிடந்தது."

பதினொரு வருடம் நான் ஒளித்து வைத்ததாக நினைத்ததை அவன் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே வாசித்திருக்கிறான்.

"அப்ப ஏன் என்னட்ட ஒண்டும் கேக்கேல்லை?"

அவன் சாவியைத் துணியில் துடைத்தான். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தான்.

"முதல்ல கோபம் அண்ணை. வீட்டில உங்கட பேரை எடுக்க விடமாட்டன். பிறகு இஞ்ச எல்லாரும் கேப்பினம், என்னெண்டு விரல் போனது எண்டு. ஒவ்வொருத்தருக்கும் விளங்கப்படுத்தக் களைச்சுப்போய், கவனமில்லாமப் போச்சுது எண்டு சொல்லத் தொடங்கினனான். சொல்லிச் சொல்லி..." நிறுத்தினான். "மரியதாஸண்ணை பொய் சொல்லுற ஆளில்லை எண்டும் ஒரு பக்கம் நினைப்பு வரும். இப்ப கண்ணை மூடினா, நான் கையுறையைக் கழட்டுற மாதிரியே ஒரு படம் வருது. ஆனா போட்டிருந்த மாதிரியும் கிடக்கு."

பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டான்.

"உண்மையைச் சொல்லுங்கோ அண்ணை. நான் போட்டிருந்தனானோ?"

"போட்டிருந்தனீ. ரெண்டு கையிலயும். வலது கையில டேப் சுத்தினது நான்."

"வேலை முடியுமட்டும்?"

"முடிஞ்சு, கழுவின பிறகுதான் கழட்டினனீ. நான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

அவன் சாவியை நிலத்தில் வைத்தான். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டான்.

"கலா, அடுப்பை விட்டிட்டு இஞ்ச வாரும். அண்ணை சொல்லுறதை நீரும் கேளும்."

அவள் கையைச் சேலையில் துடைத்தபடி வந்து வாசற்படியில் நின்றாள். நான் பன்னிரண்டு மணியிலிருந்து தொடங்கி, அவளுக்கு எல்லாவற்றையும் திரும்பச் சொன்னேன்.